பதினேழாம் பக்கத்து முத்திரை

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தால் அணைத்துவிட்டே வாருங்கள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ரப்பர் முத்திரை, ஒரு குடும்பத்தை ஒரு பகல் முழுக்க எப்படி ஆட்டிவைத்தது என்று இந்த வாரம் சொல்கிறேன். நடுவில் எழுந்து போகிற கதை இல்லை இது.

தூனிசியா நாட்டு ஸ்ஃபாக்ஸ் நூலகத்தில் தலெந்தாவின் குடும்பமே பாதி உட்கார்ந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தலெந்தா அலுவலகப் பிரிவில் இருக்கிறாள். அவள் அண்ணன் சுபைர், வந்து சேருகிற புத்தகங்களைப் பதிவேட்டில் ஏற்றுகிற மேசையில். சுபைரின் மனைவி நஸீஹா குழந்தைகள் பிரிவில். ஆகஸ்டு மாதம் லிஸ்பனில் நடக்கிற சர்வதேச நூலகத் தலைவர்கள் கூட்டத்துக்கு இரண்டு பேரை அனுப்பலாம் என்று கடிதம் வந்ததையும், ஒருவர் டைரக்டர் துஹாமி, இன்னொருவர் நஸீஹா என்று முடிவானதையும் போன வாரமே சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இரண்டில் ஒருவரால் போக முடியாமல் போனால் மாற்று ஆள் என்று மூன்றாவதாக ஒரு பெயரும் அந்தத் தாளில் இருந்தது. அந்தப் பெயர் தலெந்தாவுடையது.

போகிறவர்களைத் தயார் செய்கிற வேலையும் அவளுடையதுதான். ஏழு வருஷமாக அதைத்தான் செய்கிறாள்.

அன்று வியாழக்கிழமை. கோடைக்கால ஒற்றை வேளை அலுவலகம். ஏழரைக்குத் திறந்து ஒன்றரைக்குப் பூட்டிவிடுவார்கள். மறுநாள் ஜூலை இருபத்தைந்து, அந்த நாட்டுக் குடியரசு தினம், அதை ஒட்டி சனி, ஞாயிறு. திங்கட்கிழமை காலை தலைநகர் தூனிஸில் இரண்டு பேருக்கும் விசாவுக்கு நேரம் வாங்கியிருந்தாள் தலெந்தா.

"மறுபடியும் ஆரம்பிங்க ஐயா," என்றாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தாள்.

துஹாமி ஐயா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மேன்மை தங்கிய தலைவர் அவர்களே, மேன்மை தங்கிய துணைத் தலைவர் அவர்களே, எங்கள் கலாசார அமைச்சர் அவர்களின் நெஞ்சார்ந்த வாழ்த்துகளைச் சுமந்து, கடல் கடந்து வந்திருக்கும் அடியேன்..."

"ரெண்டு நிமிஷம் ஆயிருச்சு."

"இன்னும் ஆளுநரைச் சொல்லலையேம்மா."

"லிஸ்பன்ல நம்ம ஆளுநரை யாருக்கு ஐயா தெரியும்? அஞ்சே நிமிஷம்தான் குடுக்கறாங்க. அஞ்சு முடிஞ்சா மணி அடிச்சிருவாங்க."

"எனக்கா? மணியா?"

"எல்லாருக்கும்தான்."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. தலெந்தா அடுத்த தாளைப் புரட்டினாள். "முதல் நாள் சாயங்காலம் எல்லாரும் வட்டமா உக்காந்து, ஆளுக்கு ஒரு தப்பைச் சொல்லணுமாம். வேலையில செஞ்ச தப்பு. அதுல என்ன கத்துக்கிட்டோம்னும் சொல்லணும்."

"யார் செஞ்ச தப்பை?"

"உங்க தப்பை ஐயா."

துஹாமி ஐயா கூரையைப் பார்த்தார். மின்விசிறி நாலு சுற்று சுற்றியது. "எனக்கு முன்னாடி இருந்த டைரக்டரோட தப்பைச் சொன்னா ஒத்துக்குவாங்களா?"

தலெந்தா கண்ணை மூடித் திறந்தாள். அவர் காலடியில் பத்து லிட்டர் ஆலிவ் எண்ணெய் டின் ஒன்று உட்கார்ந்திருந்தது. விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு போகப்போகிறாராம். முடியாது என்று நேற்றே மூன்று தரம் சொல்லியாயிற்று. "ஸ்ஃபாக்ஸ்காரன் வெறுங்கையை வீசிக்கிட்டா போவான்?" என்று மூன்று தரமும் அதே பதில்தான்.

"நீங்க படிச்சுக்கிட்டே இருங்க. நான் பாஸ்போர்ட்டை நகல் எடுத்துட்டு வரேன்," என்று எழுந்தாள்.

டைரக்டருடைய பாஸ்போர்ட் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும், குளிக்கும்போதுகூட எடுப்பாரோ என்னவோ. நஸீஹாவுடையதை முந்தின நாள் மத்தியானம் வாங்கி, சுபைரிடம்தான் கொடுத்து வைத்திருந்தாள். அந்தக் கட்டடத்தில் பூட்டு ஒழுங்காக வேலை செய்கிற ஒரே இழுப்பறை அவனுடையது.

சுபைர் இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். தலையை நிமிர்த்தவில்லை. காதோரம் மல்லிகைச் செண்டு இல்லாததைத் தலெந்தா அப்போது கவனித்தாள். ஜூலை மாதத்தில் தினமும் ஒரு செண்டைக் காதில் செருகிக்கொண்டு வருவான், வந்ததும் அதை எடுத்து நஸீஹா மேசையில் வைப்பான். பூக்காரன் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நகல் எந்திரத்தின் முன் நின்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பதினாறு. பதினேழு.

பதினேழாம் பக்கத்தின் நட்டநடுவில், நீள்வட்டமாக, ஊதா மையில், ஸ்ஃபாக்ஸ் நூலகத்தின் முத்திரை.

கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நூலகத்துக்கு வருகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் முதல் பக்கம், கடைசிப் பக்கம், பதினேழாம் பக்கம் என்று மூன்று இடத்தில் முத்திரை குத்துவது அவர்கள் வழக்கம். திருடுகிறவன் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கிழித்துவிட்டாலும் பதினேழு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பாஸ்போர்ட்டில்?

"அண்ணா!"

அந்தக் கத்தலுக்கு வாசிப்பறையில் இருந்த பென்ஷன்காரர்கள் இரண்டு பேர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணா இது? என்ன செஞ்சு வெச்சிருக்கே?"

சுபைர் எட்டிப் பார்த்தான். "அடடா."

"அடடாவா? திங்கட்கிழமை விசாவுக்குப் போகணும். போன வருஷம் ஒருத்தன் பாஸ்போர்ட்ல குழந்தை பேனாவால கோடு போட்டதுக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. இது முழுசா சீலு!"

"நேத்து நன்கொடைப் புத்தகம் நாப்பது வந்துச்சு. அதுல கலந்துருச்சு போல. கை தானா போயிருச்சு தலெந்தா. பழக்க தோஷம்."

"பாஸ்போர்ட் அளவுல என்ன புத்தகம் வந்துச்சு உனக்கு?"

அதற்குள் நஸீஹா வந்துவிட்டாள். ஐம்பத்திரண்டு வயது. இடுப்பில் பசை வாளி துடைத்த துணி, பின்னால் இரண்டு குழந்தைகள். குழந்தைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, பாஸ்போர்ட்டை வாங்கி, அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பழக்கமா?" என்றாள் கணவனிடம்.

"ஆமா."

"முப்பத்தொரு வருஷம். அறுபதாயிரம் புத்தகம். ஒரு சீல் தலைகீழா விழுந்தது கிடையாது, ஒண்ணு கோணலா விழுந்தது கிடையாது. முதல் தப்பு வந்து என் பாஸ்போர்ட்ல விழுந்திருக்கு. நல்ல பழக்கம் சுபைர்."

அவள் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் தலெந்தாவுக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மணி ஒன்பதரை. தலெந்தா முதலில் விசா அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்து, அடுத்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஓர் இடம் இருக்கிறது, அதை விட்டால் செப்டம்பர் என்றாள். தலெந்தா அந்த இடத்தை நஸீஹா பேரில் போட்டுவைத்தாள். அடுத்து காவல் நிலையத்துப் பாஸ்போர்ட் பிரிவுக்குப் போட்டாள். அங்கே இருந்தவர் கொட்டாவிக்கு நடுவே விவரம் சொன்னார். இன்றைக்கே ஒரு மணிக்குள் விண்ணப்பம் கொடுத்தால் புதுசு புதன்கிழமை கைக்கு வரும். திங்கட்கிழமை கொடுத்தால் அந்த வாரம் வராது.

"ஆனா எப்படிக் கெட்டுச்சுன்னு கடிதம் வேணும்மா. ஆபீஸ்ல தவறுதலா நடந்திருந்தா, ஆபீஸ் அமைச்சகத்துக்கு எழுதி, அவங்க விசாரிச்சு, பதில் வரணும். ஒரு மாசம் ஆகும். வீட்டு ஆளுங்க யாராவது செஞ்சிருந்தா, செஞ்சவங்க கையால எழுதி, அடையாள அட்டை நகலோட குடுத்தாப் போதும்."

தலெந்தா போனை வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். நூலகத்தில், நூலக முத்திரையால், நூலக ஊழியர் செய்த தவறு. ஆபீஸ் கணக்கில்தான் வரும். ஒரு மாசம். கூட்டம் ஆகஸ்டு பதினேழு.

டைரக்டர் அறைக்குள் போய்ச் சொன்னாள். துஹாமி ஐயா முழுவதும் கேட்டார். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"இதுக்கு ஏம்மா இப்படி வேர்த்து விறுவிறுத்து நிக்கறே? மாற்று ஆள் நீதானே? உன் பாஸ்போர்ட் தயாரா இருக்கு. திங்கட்கிழமை நஸீஹா நேரத்துக்கு நீ வந்துரு. எனக்கும் சௌகரியம். நீ கூட இருந்தா மணி அடிக்கறதுக்கு முன்னாடியே என் சட்டையைப் பிடிச்சு இழுப்பே."

தலெந்தாவின் கண் மேசைமேல் கிடந்த லிஸ்பன் தாள்களில் போய் நின்றது.

கண்ணுகளா, அவளைக் குறை சொல்லாதீர்கள். ஏழு வருஷத்தில் ஏழு ஊர்களுக்கு மற்றவர்களை அனுப்பியிருக்கிறாள். தான் மிதிக்காத ஊர்களில் விமான நிலையத்திலிருந்து எந்த எண் டிராம் பிடிக்க வேண்டும், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம். லிஸ்பனில் கூட்டம் நடக்கிற மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிக்கடை, காலை ஆறுக்கே திறந்துவிடும் என்பதுவரை எழுதிக் கொடுத்திருந்தாள். திரும்பி வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அவளுக்கு ஒரு சாவிக்கொத்து வாங்கி வருவார்கள். ஏழு சாவிக்கொத்து. வீட்டில் பூட்டு இரண்டுதான்.

"யோசிச்சுச் சொல்றேன் ஐயா," என்றாள். வேண்டாம் என்று அந்த நிமிஷம் அவள் வாயில் வரவில்லை. அதுதான் உண்மை.

தன் மேசைக்கு வந்து, பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்துப் பிரித்தாள். என்ன செய்வதென்று தெரியாமல்தான் பிரித்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது.

முத்திரையின் நடுவில் ஒரு வெற்றிடம் உண்டு. பதிவேட்டில் ஏற்றிய எண்ணை அங்கே பேனாவால் எழுத வேண்டும். சுபைர் முதலில் பதிவேட்டில் எழுதுவான், பிறகு முத்திரை குத்துவான், மை காய்வதற்குள் எண்ணை எழுதிவிடுவான். எண் இல்லாமல் ஒரு முத்திரைகூட அவன் கையிலிருந்து வந்ததில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், "நம்பர் இல்லாத சீல் வெறும் அழுக்கு" என்று சொல்லுவான்.

இந்த முத்திரையின் நடுவில் எண் இல்லை. முதல் பக்கத்தில் முத்திரை இல்லை. கடைசிப் பக்கத்தில் இல்லை. பதிவேட்டைப் போய்ப் பார்த்தாள். நாற்பது புத்தகம், நாற்பது வரி. நாற்பத்தோராவது வரி இல்லை.

கை தானாகப் போயிருந்தால், நம்பர் வரைக்கும் முழுசாகப் போயிருக்கும்.

சுபைர் மேசையில் இல்லை. கீழே புத்தகக் கிடங்கில், இரண்டு அலமாரிக்கு நடுவில் நின்றிருந்தான், சும்மா.

"அண்ணா, நம்பர் எங்கே?" என்றாள்.

அவன் திரும்பினான். பொய் சொல்ல வாயெடுத்தான். பிறகு தங்கை முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"உனக்கு என்ன பைத்தியமா? அண்ணி போறது பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே! கடிதம் வந்தன்னைக்கு ஊருக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் குடுத்தியே, அது எதுக்கு?"

"போறது எனக்குச் சந்தோஷம்தான்."

"நல்லா தெரியுது சந்தோஷம். ஊதா மையில தெரியுது."

"நேத்து ஒத்திகையில அவ பேசினாளே, கேட்டே இல்ல?" சுபைர் அலமாரித் தட்டை விரலால் தேய்த்தான். "குழந்தைகள் பிரிவைத் தனி ஆளா உண்டாக்கினாளாம். எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். அந்தத் தாழ்வான அலமாரியெல்லாம் யார் செஞ்சது தலெந்தா? நாலு வயசுப் பிள்ளைக்கும் கை எட்டணும்னு, பழைய கதவெல்லாம் வாங்கி வந்து, ரெண்டு ரமலான் மாசம், நோன்போட உக்காந்து இழைச்சேன். இந்தக் கட்டை விரல் நகம் இன்னும் நேரா முளைக்கலை. அதை ஒரு வார்த்தை சொன்னா அவளுக்கு என்ன குறைஞ்சுரும்? வீட்டுக்குப் போயாவது சொல்லுவான்னு பாத்தேன். எப்படிப் பேசினேன்னு என்னையே கேட்டா. கோபம் வந்துருச்சு. காலையில சீக்கிரமா வந்து... குத்தின உடனே பயந்துட்டேன். என்னத்தைச் சொல்ல."



அந்த அலமாரிகள் நஸீஹாவின் பேச்சில் இருந்தன. ஒரு பாரா முழுக்க இருந்தன. பழைய கதவுகள், ரமலான், நகம் எல்லாமே. முதலில் எழுதிக் கொடுத்தது ஒன்பது நிமிஷம் வந்தது. லிஸ்பனிலிருந்து வந்த குறிப்பில், நீங்களே செய்ததை மட்டும் சொல்லுங்கள், உதவியவர்கள் பட்டியல் வேண்டாம் என்று இருந்தது. தலெந்தா நாலு நிமிஷத்தை வெட்டினாள். அலமாரி போயிற்று. அது இருந்த இடத்தை இட்டு நிரப்ப, தனி ஆளாக என்று அவளேதான் எழுதிச் சேர்த்தாள்.

"நான்தான் வெட்டினேன் அண்ணா."

"என்ன?"

"அண்ணி எழுதியிருந்தாங்க. நான் வெட்டிட்டேன். நேரம் பத்தலைன்னு."

சுபைர் மெதுவாக, "ஆனா படிச்சது அவதானே," என்றான்.

"நியாயத்தை அப்புறம் பேசிக்கலாம். மணி பதினொண்ணே கால். மேல வா."

நஸீஹா சின்னஞ்சிறு நாற்காலி ஒன்றில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, பிய்ந்துபோன படப்புத்தகம் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் வந்து நின்றதைப் பார்த்ததும், குழந்தைகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பினாள்.

"அண்ணி, அண்ணன் வேணும்னேதான்..."

"தெரியும்."

"எப்ப?"

"கையில வாங்கினப்பவே. நம்பர் போடாம இவர் சீல் குத்துவாரா? அவரா சொல்லட்டும்னு உக்காந்திருக்கேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு."

"அந்த அலமாரிப் பாராவை நான்தான்..."

"அதுவும் தெரியும். சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிக் குடுத்தே. பாத்தேன். சரி, நேரமில்லை, இவர் ஒண்ணும் நினைக்க மாட்டார்னு விட்டுட்டேன். இருபத்தெட்டு வருஷமா ஒண்ணும் நினைக்காத மனுஷன்தானே." கணவனை நேராகப் பார்த்தாள். "நினைச்சா வாயால சொல்லணும் சுபைர். என் பாஸ்போர்ட் உன் நாக்கு இல்ல."

சுபைர் தலையைக் குனிந்துகொண்டான்.

தலெந்தா காவல் நிலையத்துக்காரர் சொன்னதைச் சொன்னாள். ஆபீஸ் தவறு என்றால் ஒரு மாசம். வீட்டு ஆள் செய்தது என்றால் ஒரே ஒரு கடிதம். வேறு வழி இல்லை. உண்மைதான் குறுக்கு வழியாக இருந்தது.

"எழுது," என்றாள் நஸீஹா.

குழந்தைகள் படம் வரைகிற மேசையில் உட்கார்ந்து எழுதினான். நாள் முழுக்கக் கட்டம் கட்டமாக நிரப்புகிற மனிதன், நாலு வரி எழுத இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டான். இரண்டு தாளைக் கசக்கிப் போட்டான். கடைசியில் இப்படி எழுதினான்: இந்தப் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரையை இதன் சொந்தக்காரியின் கணவனாகிய நான், தெரிந்தே, கோபத்தில் குத்தினேன். அலுவலகத்துக்கும் என் மனைவிக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை.

ஓய்வு பெற இன்னும் பதினொரு மாசம்தான் இருந்தது அவனுக்கு. டைரக்டர் கண்ணில் இந்தத் தாள் பட்டால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். 

நஸீஹா வாங்கிப் படித்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"தேதி போடு," என்றாள்.

சுபைரின் மொபெட்டைத் தலெந்தா ஓட்டினாள், நஸீஹா பின்னால் உட்கார்ந்தாள். ஜூலை மத்தியான வெயிலில், மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்து நெரிசலில், லாரிக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவில் புகுந்து போனார்கள். மூன்று இடத்தில் திட்டு வாங்கினார்கள். நாலாவது இடத்தில் நஸீஹாவே திரும்பித் திட்டினாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் மனசு ஆறியது.

பன்னிரண்டு நாற்பது. கவுன்டரில் இருந்தவர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். கண்ணாடிக்கு மேலாக நஸீஹாவைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா."

"என் பெண்டாட்டி பிரான்ஸ்ல மார்செய்ல இருக்கற அவ அக்கா வீட்டுக்குப் போறேன்னப்ப, நானும் பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சேன். சீல் குத்துற அளவுக்குப் போகலைம்மா."

"கிடைச்சுதா அவங்களுக்கு?"

"சாயங்காலமே கண்டுபிடிச்சுட்டா. ஒரு வாரம் அரிசியே சமைக்கலை." ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். "புதன்கிழமை பத்து மணிக்கு வாங்க."

வெளியே வந்து, மொபெட் பக்கத்தில் நின்று, நஸீஹா ரசீதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"நான் இன்னைக்கு உன் வீட்டுக்கு வரேன் தலெந்தா. புதன்கிழமை வரைக்கும். அதுக்கப்புறம் என்னன்னு எனக்கே தெரியலை."

"வாங்க அண்ணி. இது கேக்கணுமா?"

"கேக்கலை. சொல்றேன்."

நூலகத்துக்குத் திரும்பியபோது மணி ஒன்று பத்து. துஹாமி ஐயா பையை மூடிக்கொண்டிருந்தார். தலெந்தாவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாம் முடிச்சுட்டேன்மா! நீ யோசிச்சுக்கிட்டே இருந்தா காரியம் ஆகுமா? தூனிஸ் தலைமையகத்துக்கு நானே மெயில் அனுப்பிட்டேன். நஸீஹாவுக்கு உடம்பு சரியில்லை, அவங்களுக்குப் பதிலா தலெந்தான்னு. திங்கட்கிழமை ஆறு மணிக்கு வண்டி நிலையத்துக்கு வந்துரு."

ஏழு வருஷத்தில் அந்த மனிதர் தானாக அனுப்பிய முதல் மெயில் அது. கண்ணுகளா, அன்றைக்குப் பார்த்து அது போயும் சேர்ந்துவிட்டது.

தலெந்தா திரும்பினாள். நஸீஹா கதவருகே நின்றிருந்தாள். எல்லாமே கேட்டிருந்தது. நாத்தனாரை அவள் பார்த்த பார்வையில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: நீயுமா?

"எனக்கு உடம்புக்கு என்ன ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.

தலெந்தா டைரக்டரின் மேசைப் போனை எடுத்தாள். தலைமையகத்து எண் அவளுக்கு மனப்பாடம். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"ஸ்ஃபாக்ஸ் நூலகம். லிஸ்பன் கூட்டத்துக்கு இப்ப ஒரு மெயில் வந்திருக்கும். அது தப்பு. நஸீஹா நல்லா இருக்காங்க. போறது அவங்கதான்."

"கையெழுத்து உங்க டைரக்டரோடது. நீங்க யாரு?"

"அதுல பேர் எழுதியிருக்கே, தலெந்தா. நான்தான்."

அந்தப் பக்கம் குரல் இளகியது. "பத்து வருஷமா இங்க உக்காந்திருக்கேன். என் பேரைச் சேருங்கன்னு அழுதவங்களைத்தான் பாத்திருக்கேன். வாயால சொன்னா ஆகாதும்மா. டைரக்டர் கையெழுத்தோட தாள் வரணும். திங்கட்கிழமை மத்தியானம் பட்டியல் முடியுது."

போனை வைத்த கையோடு தலெந்தா தாளை எடுத்து எழுதினாள். மூன்றே வரி. எழுதும்போது, லிஸ்பன் என்ற இடம் வந்ததும் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எழுதி முடித்து, டைரக்டர் முன்னால் வைத்தாள்.

துஹாமி ஐயா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். ஒன்றரை.

"ஆபீஸ் முடிஞ்சுதேம்மா. நேரத்துக்கு அப்புறம் நான் கையெழுத்துப் போட்டதே இல்ல. அதோட, காலையில ஒண்ணு அனுப்பி மத்தியானம் ஒண்ணு அனுப்பினா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? லீவுல யோசிக்கறேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எதிரில் நின்ற இரண்டு பெண்களுக்கும் நல்ல நாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு, அமைதியாக நடந்துபோனார்.

தலெந்தா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  "இந்த ஆளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? சொல்லுங்க அண்ணி, என்னதான் பண்ணுவேன்?"

நஸீஹா தாளை எடுத்துப் படித்தாள். ஒரு தரம்தான். காலையிலிருந்து இறுகியிருந்த அவள் தோள் அப்போதுதான் இறங்கியது.

"திங்கட்கிழமை இவர் தூனிஸ் போறது லுவாஜ் வண்டியிலதானே?"

"ஆமா. எட்டுப் பேர் வண்டி. ஏன்?"

"எனக்கும் அதுல ஒரு இடம் போடு. அவர் பக்கத்து இடமா." தாளை மடித்து ரசீதோடு சேர்த்து வைத்தாள். "இருநூத்தெழுபது கிலோமீட்டர். ஜன்னல் ஓரம் அவர், வழியில நான். கையெழுத்துப் போடாம எங்க இறங்கறார்னு பாத்துடறேன்."

இந்த வாரம் இவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போங்கள், அடுப்பைப் பற்றவையுங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஊருக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாத் தாளும் சரியாக அமைந்து நல்லபடியாகப் போய் வரட்டும். வாசலில் நின்று வழியனுப்புகிறவர்கள் மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளாமல் வாய் நிறையச் சொல்லி அனுப்பட்டும். உங்கள் வீட்டுத் தட்டுகளில் ரொட்டியும், பேச்சில் இனிப்பும் ஒரு நாளும் குறையாமல் இருக்கட்டும்.